ஆனி ஓக்லியின் குறி ஏன் தவறவில்லை?

ஓசி டிக்கெட்டுக்கு அமெரிக்காவில் ஒரு காலத்தில் ‘ஆனி ஓக்லி’ என்று பெயர் இருந்தது. நாடகக் கொட்டகையோ பேஸ்பால் மைதானமோ சர்க்கஸோ, வேண்டப்பட்டவர்களுக்குச் சும்மா கொடுக்கும் டிக்கெட்டில் ஓட்டை போட்டுக் கொடுப்பார்கள். வசூலை எண்ணும்போது காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டுகளோடு அது கலந்துவிடக் கூடாது என்பதுதான் காரணம். ஓட்டை விழுந்த அந்த அட்டையைப் பார்த்தவர்களுக்கு உடனே ஒரு பெண்ணின் ஞாபகம் வந்தது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு அட்டை, அதில் ஓர் அங்குல அளவில் சிவப்பு இதயம். அந்த இதயத்தைத் தோட்டாவால் துளைத்து, துளைத்த அட்டையைக் கூட்டத்துக்குள் எறிவார் அவர். அதைப் பிடிக்க ஜனங்கள் முண்டியடிப்பார்கள்.

அந்தப் பெண் ஐந்தடி உயரம்தான். தானே தைத்த பாவாடையும் சட்டையும், தோள் வரை அவிழ்ந்து விழும் தலைமுடி, மார்பில் வரிசையாகப் பதக்கங்கள். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் ‘பிறவித் திறமை’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. அவர் வாழ்க்கையை நிதானமாகப் பார்த்தால், குறி தவறினால் ஏதோ ஒன்று கையை விட்டுப் போகும் நிலையில்தான் எப்போதும் இருந்திருக்கிறார். சின்ன வயதில் அது சாப்பாடு. பிற்காலத்தில் அது பெயர். துப்பாக்கியைத் தொட்டே பார்க்காதவர்களும் புரிந்துகொள்ளும்படி அதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் இரண்டு விஷயம்

ஷார்ப்ஷூட்டர் என்றதும், ராணுவத்தில் மறைந்திருந்து எதிரியைச் சுடும் ஸ்னைப்பரை நினைப்போம். ஆனி அந்த வகை இல்லை. எந்தப் போரிலும் அவர் சுட்டதில்லை. மக்கள் முன்னால், கடினமான குறிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடித்துக் காட்டும் காட்சிக் கலைஞர் அவர். சினிமா வராத காலம் அது. ஊருக்கு ஊர் கூடாரம் போட்டு நடக்கும் வித்தைகளைப் பார்க்க ஆயிரக்கணக்கில் கூட்டம் வரும். துப்பாக்கி சுடுவது அதில் பெரிய ஈர்ப்பு. அதோடு பணம் வைத்து நடக்கும் போட்டிகளும் உண்டு. ஆனி இரண்டிலும் சம்பாதித்தார்.

அடுத்தது, துப்பாக்கியில் இரண்டு வகை. ரைஃபிளின் குழலுக்குள் திருகு மரை போல வரிகள் வெட்டியிருக்கும். ஒரே ஒரு குண்டு அந்த வரிகளைப் பற்றிச் சுழன்றுகொண்டே வெளியே வரும். சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பது போல, சுழலும் குண்டும் தடுமாறாமல் நேராகப் போகும். ஷாட்கன் குழல் உள்ளே வழவழப்பாக இருக்கும். அதன் தோட்டாவுக்குள் கடுகும் மிளகும் போலச் சின்னச் சின்ன ஈயக் குண்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். சுட்டதும் அவை விரிந்துகொண்டே போகும். அசையாத சின்னக் குறிக்கு ரைஃபிள், பறக்கும் குறிக்கு ஷாட்கன் என்பது பொதுவான வழக்கம். ஆனி இரண்டிலும் தேர்ந்தவர். கைத்துப்பாக்கியிலும் அப்படித்தான்.

பசியில் பழகிய கை

1860 ஆகஸ்ட் 13-ஆம் தேதி, ஒஹாயோ மாநிலத்தின் டார்க் கவுண்டியில் ஒரு மரக்கட்டை வீட்டில் பிறந்தாள் ஃபீபி ஆன் மோசி. ஆனி என்பது வீட்டில் கூப்பிட்ட பெயர். பெற்றோர் குவேக்கர்கள், அதாவது போரையும் வன்முறையையும் ஏற்காத கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். ஆனாலும் காட்டோரத்து வீடு என்பதால் வேட்டைக்கென்று ஒரு பழைய துப்பாக்கி இருந்தது. 1866-இல் அப்பா இறந்துபோனார். பனிப்புயலில் மாட்டி வீடு வந்து சேர்ந்தவர், அப்புறம் தேறவே இல்லை. ஆனிக்கு அப்போது ஐந்து வயது. அம்மா சூசனுக்கு ஒரு வீடு நிறையப் பிள்ளைகள்.

ஆனி ஏழு வயதுக்குள் கண்ணி வைத்துப் பறவை பிடிக்கக் கற்றுக்கொண்டாள். எட்டு வயதில் அப்பாவின் துப்பாக்கியை எடுத்து முதன்முதலாகச் சுட்டாள், ஒரு அணிலை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தக் காலத்துத் துப்பாக்கியில் விசையை இழுத்துக்கொண்டே இருந்தால் குண்டு வந்துகொண்டே இருக்காது. குழலின் வாயில் வெடிமருந்தைக் கொட்டி, மேலே குண்டை வைத்து, நீளக் கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். அப்புறம், தட்டினால் பொறி தெறித்து மருந்தைப் பற்றவைக்கும் ‘கேப்’ என்ற சின்ன மூடியைப் பொருத்த வேண்டும். சின்னப் பிள்ளைக்கு இதற்கு அரை நிமிடமாவது ஆகும். முதல் வெடிச் சத்தத்திலேயே காட்டில் இருப்பதெல்லாம் ஓடிவிடும். ஆக, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒரே ஒரு வாய்ப்பு. அதோடு மருந்தும் ஈயமும் காசு கொடுத்து வாங்குபவை. தவறிய ஒவ்வொரு குண்டும் வீட்டுக்கு நஷ்டம். சுடுவதற்கு முன் காத்திருப்பது, உறுதியானால் மட்டும் விசையை அழுத்துவது என்ற பழக்கம் அந்தப் பிள்ளைக்கு அப்படித்தான் வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அதற்கிடையில் கொடுமையான சில வருடங்கள். குடும்பம் தாங்க முடியாமல் போக, 1870-இல் அம்மா அவளைக் கவுண்டி நடத்திய ஏழைகள் விடுதிக்கு அனுப்பினார். அங்கே கண்காணிப்பாளரின் மனைவி தையலும் பூவேலையும் சொல்லிக்கொடுத்தார். பிற்காலத்தில் தன் உடைகளையெல்லாம் தானே தைத்துக்கொள்ள அந்தப் படிப்புதான் உதவியது. பிறகு ஒரு குடும்பம், குழந்தையைப் பார்த்துக்கொண்டால் வாரம் 50 சென்ட் சம்பளம், பள்ளிக்கும் அனுப்புகிறோம் என்று அழைத்துப் போனது. சம்பளமும் இல்லை, பள்ளியும் இல்லை. விடிவதற்கு முன் எழுந்தால் இரவு வரை வேலை. ஒரு இரவு சாக்ஸ் தைத்துக்கொண்டிருந்தவள் அசந்து தூங்கிவிட்டாள் என்பதற்காக, செருப்புகூட இல்லாமல் வெளியே பனியில் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். சுமார் இரண்டு வருடம் தாங்கிவிட்டு அங்கிருந்து ஓடிவந்தாள். அந்தக் குடும்பத்தின் பெயரை ஆனி பிற்காலத்தில்கூட வெளியிடவில்லை. ‘ஓநாய்கள்’ என்றுதான் எழுதினார்.

வீடு திரும்பியதும் வேட்டையையே தொழிலாக்கிக்கொண்டாள். காடையும் கௌதாரி இனப் பறவைகளும் முயலும் கிரீன்வில் ஊரில் கேட்ஸன்பெர்கர் மளிகைக் கடைக்குப் போகும். அங்கிருந்து சின்சினாட்டி நகர ஹோட்டல்களுக்குப் போகும். ஆனியின் வேட்டையை ஹோட்டல்காரர்கள் விரும்பி வாங்கினார்கள் என்றும், தலையில் பார்த்து அடிப்பதால் கறியில் ஈயம் பல்லில் கடிபடாது என்றும் சொல்வார்கள். இந்தக் காசைச் சேர்த்து, 15 வயதில் அம்மாவின் நிலத்தின் மீதிருந்த அடமானக் கடனை அடைத்துவிட்டாள். அவர் வாங்கிய எல்லாப் பதக்கத்தையும்விட இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

25-ஆவது குறி

ஃபிராங்க் பட்லர் அயர்லாந்திலிருந்து வந்து அமெரிக்காவில் பிழைத்த மேடைக் கலைஞர். துப்பாக்கி வித்தை காட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். போகிற ஊரில் எவர் வந்தாலும் ஜெயித்துக் காட்டுகிறேன் என்று பந்தயம் கட்டுவார். சின்சினாட்டியில் ஒரு ஹோட்டல்காரர், எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் இருக்கிறார், 100 டாலர் பந்தயம் என்று ஏற்பாடு செய்தார். ஃபிராங்க் போய் நின்றால், எதிரே ஒரு சின்னப் பெண். ஆளுக்கு 25 குறி. ஃபிராங்க் 24 அடித்தார். ஆனி 25-உம் அடித்தார்.

இது நடந்தது 1875-இல் என்று ஒரு கணக்கும் 1881-இல் என்று ஒரு கணக்கும் உண்டு. ஃபிராங்கின் பயணங்களை வைத்துப் பார்த்தால் 1881 பொருந்தி வருகிறது. எந்த வருடமானாலும் தோற்றவர் கோபித்துக்கொண்டு போகவில்லை. நிகழ்ச்சிக்கு டிக்கெட் கொடுத்துக் குடும்பத்தையே அழைத்தார், கடிதம் எழுதினார், கல்யாணம் செய்துகொண்டார். 1882 மே மாதம் ஃபிராங்கின் மேடைக் கூட்டாளிக்கு உடம்பு சரியில்லாமல் போக, அந்த இடத்தில் ஆனி ஏறினார். அப்போது வைத்துக்கொண்ட மேடைப் பெயர்தான் ஓக்லி. கூட்டம் யாரைப் பார்க்க வருகிறது என்பது ஃபிராங்குக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. தன் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, மனைவிக்குக் குறிகளை எறிபவராகவும் மேலாளராகவும் மாறிக்கொண்டார். 19-ஆம் நூற்றாண்டில் ஒரு ஆண் அப்படிச் செய்தது சாதாரண விஷயம் இல்லை.

1946-இல் நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் ஆனியைப் பற்றி ஒரு இசை நாடகம் வந்து பெரிய வெற்றி பெற்றது. அதன் முடிவில், காதலனின் மனம் கோணக் கூடாது என்று ஆனி வேண்டுமென்றே தோற்பார். பாட்டெல்லாம் இனிமையாக இருக்கலாம், ஆனால் அந்த முடிவு அவருக்கு இழைத்த அநியாயம். அவர் ஜெயித்தார், ஜெயித்ததால்தான் ஃபிராங்க் திரும்பிப் பார்த்தார்.

குறி எப்படி விழுகிறது?

அசையாத குறியிலிருந்து தொடங்கலாம். ஆனியின் புகழ்பெற்ற வித்தைகளில் ஒன்று, 30 எட்டு தூரத்தில் ஒரு சீட்டுக்கட்டு அட்டையின் விளிம்பு மட்டும் தெரியும்படி நிறுத்தி, அதை இரண்டாகப் பிளப்பது. 30 எட்டு என்றால் ஏறக்குறைய 27 மீட்டர். .22 ரைஃபிளின் குண்டு சுமார் 5.6 மில்லிமீட்டர் அகலம். ஆகவே குண்டின் நடுப்பகுதி அட்டைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ 3 மில்லிமீட்டருக்குள் போனால்தான் அட்டை கிழியும். 27 மீட்டருக்கு அப்பால் 3 மில்லிமீட்டர் விலகக் கூடாது என்றால், கையில் இருக்கும் துப்பாக்கியின் முனை எவ்வளவு அசையலாம்? பார்வைக் குறிகள் இரண்டுக்கும் நடுவே 60 சென்டிமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால், 0.07 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு தலைமுடியின் பருமன் அவ்வளவுதான். மயிரிழையில் தவறியது என்று பேச்சுக்குச் சொல்கிறோமே, இங்கே அது நிஜ அளவு. மூச்சு, இதயத் துடிப்பு, விசையை இழுக்கும் விரலின் வெடுக்கென்ற அசைவு, இதில் எது கொஞ்சம் மிஞ்சினாலும் அட்டை பிழைத்துக்கொள்ளும்.

பறக்கும் குறிக்கு வேறு கணக்கு. திருவிழாக் கடையில் பலூன் சுட்டுப் பார்த்திருப்பீர்கள். பலூன் அங்கேயே இருக்கும், நீங்கள் நேராகப் பார்த்துச் சுட்டால் போதும். பறவை அப்படி இல்லை. ஷாட்கன் குண்டுகள் 25 மீட்டர் போக விநாடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு ஆகும். குறுக்கே விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் போகும் குறி, அதற்குள் ஒரு மீட்டருக்கும் மேல் நகர்ந்துவிடும். பறவை இருக்கும் இடத்தைப் பார்த்துச் சுட்டால் குண்டு அதன் வாலுக்குப் பின்னால் போகும். பறவை போய்ச் சேரப்போகும் இடத்தில் சுட வேண்டும். அதோடு, சுட்ட உடனே துப்பாக்கியை நிறுத்திவிடக் கூடாது. பறவையின் போக்கிலேயே குழலைக் கொண்டுபோய்க்கொண்டே விசையை அழுத்தி, அழுத்திய பின்னும் அதே ஓட்டத்தில் போக வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான். சுடும் நொடியில் கை தானாக நின்றுவிடும்.

மேலே எறியும் கண்ணாடி உருண்டைக்கு ஒரு சௌகரியம் உண்டு. எறிந்த பொருள் எதுவாக இருந்தாலும் உச்சிக்குப் போனதும் ஒரு கணம் நின்று, பிறகுதான் இறங்கும். உச்சிக்கு ஒரு சாண் கீழே இருந்து ஏறி, மறுபடி ஒரு சாண் இறங்குவதற்குள் சுமார் 0.4 விநாடி கிடைக்கும். அந்த நேரத்துக்குள் அது கிட்டத்தட்ட அசையாத குறிதான். தெரிந்தவர்கள் அந்தக் கணத்துக்காகக் காத்திருப்பார்கள். ஆனி அதையும் தாண்டினார். காற்றில் வீசிய ஒரே அட்டை தரையில் விழுவதற்குள் ஐந்தாறு ஓட்டை போடுவார். மேசைக்கு இந்தப் பக்கம் நிற்பார், துப்பாக்கி அந்தப் பக்கம் கிடக்கும். குறி கிளம்பிய பிறகு மேசையைத் தாண்டிக் குதித்து, துப்பாக்கியை எடுத்து, குறி விழுமுன் உடைப்பார். கண்ணாடியில் பார்த்தபடி, துப்பாக்கியைத் தோளுக்கு மேல் பின்னால் நீட்டிச் சுடுவார். கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும் என்பதால், கை பழகிய திசைக்கு எதிராக அசைய வேண்டும். முடி வாரும்போது தலையின் பின்பக்கத்தை இரண்டு கண்ணாடியில் பார்த்து வகிடு எடுக்க முயன்றவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும்.

எண்ணிக்கை விஷயத்துக்கு வந்தால், 1884-இல் ரைஃபிளால் 1,000 கண்ணாடி உருண்டைகளில் 943-ஐ உடைத்தார். 1885-இல் ஷாட்கன்களால் 9 மணி நேரத்தில் 5,000-இல் 4,772. இரண்டாவது கணக்கைக் கொஞ்சம் விரித்துப் பாருங்கள். 6 அல்லது 7 விநாடிக்கு ஒரு வெடி, 9 மணி நேரம். துப்பாக்கிகளில் தோட்டா போட்டுக்கொண்டதும் அவரேதான். ஷாட்கன் ஒவ்வொரு முறையும் தோளில் உதைக்கும். 5,000 உதை. ஐந்தடி உயரப் பெண்ணின் தோள் மறுநாள் எப்படி இருந்திருக்கும்!

துப்பாக்கி உடம்புக்குப் பொருந்த வேண்டும் என்பதும் முக்கியம். கட்டையைத் தோளில் வைத்துக் கன்னத்தை அதன் மேல் பதிக்கும்போது கண் சரியாகக் குழலுக்கு நேர் பின்னால் வர வேண்டும். கட்டை நீளமாகவோ வளைவு அதிகமாகவோ இருந்தால் கண் மேலேயோ பக்கத்திலோ போய்விடும், குண்டும் அப்படியே போய்விடும். 1887-இல் லண்டன் போனபோது அங்கே பந்தயத்துக்கு விடும் வேகமான புறாக்கள் முதலில் ஆனிக்குப் பிடிபடவில்லை. சார்ல்ஸ் லான்காஸ்டர் என்ற துப்பாக்கிக் கடையில் அவர் உடல்வாகுக்கு அளவெடுத்து, எடை குறைந்த துப்பாக்கிகள் செய்துகொடுத்தார்கள். அதன் பிறகு நிலைமை மாறியது. ஆனி ஓக்லியே ஆனாலும் அளவு சரியில்லாத துப்பாக்கியில் தவறத்தான் செய்தார் என்பது கற்றுக்கொள்பவர்களுக்கு ஆறுதலான செய்தி.

கூடாரமும் அரண்மனையும்

பஃபலோ பில் என்று பெயரெடுத்த வில்லியம் கோடியின் ‘வைல்ட் வெஸ்ட்’ குழுவில் 1885-இல் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் சேர்ந்தார். அங்கே அதற்கு முன் சுட்டுக் காட்டியவர் கனமான துப்பாக்கிகளைத் தூக்கும் ஆஜானுபாகுவான கேப்டன். அவர் இடத்தில் இந்தச் சின்னப் பெண்ணா என்று தயங்கியவர்கள், மைதானத்தில் தனியாகப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த ஆனியைப் பார்த்தார்கள். அன்றே வேலை உறுதியானது. நிகழ்ச்சியின் தொடக்கத்திலேயே அவரை இறக்கினார்கள். வெடிச் சத்தத்துக்குப் பயப்படும் பெண்களும் குழந்தைகளும், துள்ளிக்கொண்டு ஓடிவந்து முத்தங்களைக் காற்றில் வீசும் ஒரு சிறு உருவம் சுடுவதைப் பார்த்ததும் பயம் தெளிந்து உட்காருவார்கள். அடுத்து வரும் பெரிய சத்தங்களுக்குப் பழகிவிடுவார்கள்.

நிகழ்ச்சி இல்லாத நேரத்தில் அவர் கூடாரத்துக்குப் போனால் கம்பளமும் ஆடும் நாற்காலியும் இருக்கும், ஆனி பூவேலை செய்துகொண்டிருப்பார். பேன்ட் போடமாட்டார், குதிரையில் பக்கவாட்டில்தான் உட்காருவார். மற்றவர்கள் வாய்க்கு இடம் கொடுக்கக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் உண்மையை மறைத்தார். 1886-இல் லிலியன் ஸ்மித் என்ற 15 வயதுப் பெண் போட்டியாக வந்ததும், தன் பிறந்த வருடத்தை 1866 என்று சொல்ல ஆரம்பித்தார்.

லகோட்டா இனத்தின் பெருந்தலைவர் சிட்டிங் புல், 1884-இல் மினசோட்டாவில் ஆனி சுடுவதைப் பார்த்தார். அவர் படம் ஒன்று வேண்டும் என்று 65 டாலர் கொடுத்தனுப்பினார். ஆனி படத்தையும் கொடுத்து, பணத்தையும் திருப்பி அனுப்பினார். பிறகு நேரில் சந்தித்து, ஆனியைத் தன் மகளாகவே ஏற்றுக்கொண்டார் அந்தப் பெரியவர். அவர் வைத்த பெயர் ‘வாட்டான்யா சிசிலா’. அதற்கு ‘குறி தவறாத சின்னவள்’ என்று பொருள் சொன்னார்கள். மறு வருடம் அவரும் வைல்ட் வெஸ்ட் குழுவில் நான்கு மாதம் இருந்தார்.

1887-இல் விக்டோரியா மகாராணியின் பொன்விழா ஆண்டில் லண்டன், 1889-இல் பாரிஸ் உலகக் கண்காட்சி, பிறகு ஐரோப்பா முழுக்க. ஜெர்மனியின் இளவரசர் வில்ஹெல்ம் கையில் பிடித்திருந்த சிகரெட்டை ஆனி சுட்டு வீழ்த்தினார் என்று ஒரு கதை உண்டு. பின்னால் அதே வில்ஹெல்ம் கைசராகி முதல் உலகப் போரில் இறங்கியபோது, அன்றைக்கு ஆனியின் குறி கொஞ்சம் விலகியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று பத்திரிகைகள் எழுதின.

1894 நவம்பர் 1-ஆம் தேதி தாமஸ் எடிசனின் நியூஜெர்சி ஸ்டூடியோவில் அவரைப் படம் பிடித்தார்கள். ஒரு நிமிடம்கூட ஓடாத மௌனப் படம். இன்றும் இணையத்தில் பார்க்கலாம். கறுப்புப் பின்னணி. ஆனி ரைஃபிளைத் தூக்குகிறார், வெள்ளைப் புகை கிளம்புகிறது, குறி உடைகிறது, அடுத்தது, அடுத்தது. பிறகு பக்கத்தில் இருக்கும் ஆள் ஒவ்வொன்றாக எறிய எறியச் சுடுகிறார். நான் பலமுறை பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் என் கண் போவது அவர் தோளுக்குத்தான். ஒரு குறிக்கும் அடுத்ததற்கும் நடுவே அதில் பதற்றமே இல்லை.

1898 ஏப்ரல் 5-ஆம் தேதி குடியரசுத் தலைவர் மெக்கின்லிக்கு ஒரு கடிதம் எழுதினார். ஸ்பெயினோடு போர் வராது என்று நம்புகிறேன், வந்தால் குறி தவறாத 50 பெண்களைக் கூட்டிவரத் தயார், துப்பாக்கியும் தோட்டாவும் எங்களுடையதே, அரசுக்குச் செலவு இருக்காது என்று சாரம். அரசு ஏற்கவில்லை. அந்தக் கடிதம் அமெரிக்க ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1917-இல் மறுபடி கேட்டார், மறுபடி மறுத்தார்கள். சரி என்று ராணுவ முகாம்களுக்குப் போய்ச் சிப்பாய்களுக்குச் சுட்டுக் காட்டினார்.

பெயருக்காக ஒரு போராட்டம்

1901 அக்டோபரில் வட கரோலினாவின் லெக்சிங்டன் அருகே குழுவின் ரயில் இன்னொரு ரயிலோடு மோதியது. நிறைய குதிரைகள் செத்தன. காயம்பட்ட ஆனி வைல்ட் வெஸ்ட் குழுவிலிருந்து விலகினார். ஆனால் அவரை அதிகம் நோகடித்தது ரயில் விபத்து இல்லை, 1903 ஆகஸ்டில் வந்த ஒரு செய்தி.

ஆனி ஓக்லி சிகாகோ சிறையில் இருக்கிறார், கோகெய்ன் வாங்கக் காசுக்காக ஒரு ஆணின் கால்சட்டையைத் திருடிவிட்டார் என்று பத்திரிகை முதலாளி ஹெர்ஸ்டின் சிகாகோ பத்திரிகை எழுதியது. தந்தி மூலம் நாடு முழுக்கப் பரவி, ஊருக்கு ஊர் பத்திரிகைகள் அதைப் போட்டன. கைதானவர் வேறொரு மேடை நடிகை. போலீசிடம் இந்தப் பெயரைச் சொல்லியிருந்தார். உண்மை தெரிந்ததும் பல பத்திரிகைகள் மறுப்பு வெளியிட்டன. ஆனிக்கு அது போதவில்லை. ஏழைகள் விடுதியிலிருந்து எழுந்து வந்தவர் சேர்த்துவைத்த ஒரே சொத்து அந்தப் பெயர்தான்.

55 பத்திரிகைகள் மீது அவதூறு வழக்குப் போட்டார். ஊர் ஊராகப் போய்ச் சாட்சிக் கூண்டில் ஏறினார். அவரைப் பற்றி ஏதாவது அழுக்கு கிடைக்குமா என்று ஹெர்ஸ்ட் தரப்பு டார்க் கவுண்டிக்குத் துப்பறிவாளரை அனுப்பியது. ஒன்றும் கிடைக்கவில்லை. 1910 வரை இழுத்த இந்தப் போராட்டத்தில் 54 பத்திரிகைகள் தோற்றோ சமரசம் பேசியோ பணம் கொடுத்தன. வந்த பணத்தைவிட வழக்குக்கும் பயணத்துக்கும் ஆன செலவு அதிகம். அது தெரிந்தேதான் கடைசி வழக்கு வரை போனார். தோட்டாவுக்குக் காசு பார்த்துப் பார்த்து வளர்ந்த பெண், இந்த ஒன்றுக்கு மட்டும் செலவைப் பார்க்கவில்லை.

அதன் பிறகு வந்த வருடங்களில் அவர் அதிகம் செய்தது, சொல்லிக்கொடுப்பது. வட கரோலினாவின் பைன்ஹர்ஸ்ட் என்ற ஓய்வு ஊரில் பெண்களுக்குத் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். தன்னைப் பாதுகாத்துக்கொள்ள ஒவ்வொரு பெண்ணுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்ட இயக்கத்தில் மட்டும் அவர் சேரவில்லை. இந்த இரண்டும் ஒரே ஆளிடம் எப்படி இருந்தன என்பது எனக்கு இன்னும் முழுசாக விளங்கவில்லை. அங்கே ஃபிராங்க் எறிய ஆனி சுடுவார், நாய் டேவ் தலையில் ஆப்பிளோடு அசையாமல் உட்கார்ந்திருக்கும். 1922-இல் 16 கெஜ தூரத்திலிருந்து 100 களிமண் தட்டுகளை ஒன்று விடாமல் உடைத்தார். அதே வருடம் ஃபுளோரிடாவில் கார் கவிழ்ந்து இடுப்பும் கணுக்காலும் முறிந்தன. காலில் இரும்புப் பட்டையோடு நடமாடியவர், அந்தப் பட்டையோடே மறுபடி சுடத் தொடங்கினார்.

சேர்த்துவைத்திருந்த தங்கப் பதக்கங்களில் பலவற்றை உருக்கி விற்று, அந்தப் பணத்தைத் தருமத்துக்குக் கொடுத்துவிட்டார். 1926 நவம்பர் 3-ஆம் தேதி, ஒரு காலத்தில் முயலும் காடையும் விற்ற அதே கிரீன்வில் ஊரில் இறந்தார். 66 வயது. ஃபிராங்க் அதற்குப் பின் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டார் என்கிறார்கள். 18 நாள் கழித்து அவரும் போய்ச் சேர்ந்தார். டார்க் கவுண்டியில் பிராக் என்ற சிற்றூரின் கல்லறைத் தோட்டத்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். அவர் கல்லில் ஃபீபி ஆன் மோசி என்றோ திருமதி பட்லர் என்றோ இல்லை. ஆனி ஓக்லி என்றுதான் செதுக்கியிருக்கிறது.